இரவல் கிழிசல்

இஸ்திரி அக்காவின் வீட்டில் ஒரு கிழிந்த துணிகூடக் கிடையாது. வேறு எந்த வீடாக இருந்தாலும் இது பெருமைக்குரிய விஷயம். அரசாங்க உதவித்தொகையில் ஓடுகிற வீட்டுக்கு, அதுவும் இரண்டு பிள்ளைகளும் பள்ளிக்கூடத்தில் இலவசமாக மதியச் சாப்பாடு சாப்பிடுகிற வீட்டுக்கு, இதைவிடப் பெரிய தலைவலி இல்லை. இல்லாதவர்கள் பார்க்கவும் இல்லாதவர்களாகத் தெரிய வேண்டாமா? அந்த நாலு மாடிக் கட்டிடத்தில் குடியிருந்த எல்லோருக்கும் இருந்த நியாயமான சந்தேகம் அது.

சந்தேகத்தை யாரும் மனசுக்குள் வைத்துக்கொண்டு அவஸ்தைப்படவில்லை. படிக்கட்டு எதற்கு இருக்கிறது? அக்கா மூன்றாம் மாடியில் கதவைத் திறந்து வைத்துக்கொண்டு வேலை செய்தால் கீழே பேசுவது வரிக்கு வரி கேட்கும்.

"நாம ஓடி ஓடி வரி கட்டறோம். அவங்க உக்காந்து திங்கறாங்க."

"உக்காந்து எங்க? அவரு படுத்துக்கிட்டுல்ல இருக்காரு."

இரண்டாவதாகச் சொன்னதில் பொய் இல்லை. அக்காவின் கணவர் படுத்துக்கொண்டுதான் இருந்தார். அவர் லிஃப்ட் மெக்கானிக். ஊரில் பாதிப் பேரை மேலே ஏற்றி இறக்கிய மனிதர். ஒருநாள் லிஃப்ட் நிற்கிறது என்று நம்பிக் காலை எடுத்து வைத்தார். லிஃப்ட் நிற்கவில்லை. ஆஸ்பத்திரியிலிருந்து திரும்பி வந்தபோது முதுகெலும்பில் பாதி அவருடையது, மீதி டாக்டர் வைத்தது. இவர்கள் குடியிருந்த கட்டிடத்தில் லிஃப்ட் கிடையாது என்பதால் அவரை நாலு பேர் நாற்காலியோடு தூக்கிக்கொண்டு வந்து மூன்றாம் மாடியில் இறக்கினார்கள். அதற்கப்புறம் அவர் கீழே போகவேண்டும் என்றால் மறுபடி நாலு பேர் சேர வேண்டும். இந்தக் கட்டிடத்தில் நாலு பேர் சேர்வது புறம் பேச மட்டும்தான் என்று அவரே சொல்லிச் சிரிப்பார்.

அக்காவுக்குச் சலவைக்கடையில் வேலை. முன்னால் கண்ணாடிக் கதவு, மணி அடிக்கும் மேஜை, முதலாளி. பின்னால் நீராவி, நாலு இஸ்திரி மேஜை, அக்கா. அவள் கையிலிருந்து ஒரு சட்டை போனால் அதை மாட்டிக்கொள்கிறவன் ஒருநாளைக்காவது நிமிர்ந்து நடப்பான். ஆனால் ஒருத்தி இஸ்திரி போட்டு நாலு வயிறு நிறையாது. அதனால்தான் உதவித்தொகை. அதனால்தான் பிள்ளைகளுக்குப் பள்ளிக்கூடச் சாப்பாடு. காலையில் ரொட்டி, மதியம் பள்ளிக்கூடத்தில் சூடாகச் சாப்பாடு, ராத்திரி ஏதோ கொஞ்சமும் மதியச் சாப்பாட்டைப் பற்றிய பேச்சும். சின்னவன் அந்தப் பேச்சிலேயே ஒரு ரொட்டிக்குச் சமமாக வயிறு நிறைந்துவிடுவான்.

அப்படியானால் இந்த நல்ல துணிகள் எங்கிருந்து வந்தன? கடையின் பின்னறையில் ஒரு நீளக் கம்பி உண்டு. துவைக்கப் போட்டுவிட்டு வாங்க வராதவர்களின் துணிகள் அதில் தொங்கும். ஊரை விட்டுப் போனவர்கள், மறந்தவர்கள், பருத்துவிட்டவர்கள், செத்துப்போனவர்கள் என்று எல்லோருடைய துணியும் இருக்கும். வருஷம் தாண்டியதும் முதலாளி, "இதையெல்லாம் எடுத்துட்டுப் போ, எனக்கு இடம் வேணும்" என்பார். இஸ்திரி போடுகிற நாலு பெண்களும் பங்கு போட்டுக்கொள்வார்கள். அக்கா பெரியதைச் சின்னதாக்குவாள், கோட்டைக் கவுனாக்குவாள், திரைச்சீலையைக்கூட விடமாட்டாள். கணவர் படுக்கையில் சரிகைக் கரை வைத்த பட்டு அங்கி போட்டுக்கொண்டு சாய்ந்திருப்பார். தெரியாதவர்கள் பார்த்தால் ஏதோ ஜமீன்தார் ஓய்வெடுக்கிறார் என்று நினைப்பார்கள்.

ஒரே ஒரு விஷயத்தில் அக்கா கறார். கழுத்துப் பட்டையின் உள்பக்கம் கடைக்காரர் தைத்த எண் துண்டை அவள் பிரிக்கமாட்டாள். துணிக்காரர் என்றைக்காவது வந்தால் கொடுத்துவிட வேண்டும் என்பது அவள் சட்டம். சொன்னது மட்டுமில்லை, செய்தும் காட்டினாள். ஒருமுறை வெளிநாட்டிலிருந்து திரும்பிய ஒருவர் வந்து தன் சாம்பல் நிறக் கோட்டைக் கேட்டார். அக்கா மூச்சிரைக்க வீட்டுக்கு ஓடி, கணவர் உடம்பிலிருந்து அதைக் கழற்றி, ஓடிப்போய் நீராவி காட்டிக் கொடுத்தாள். "வச்ச மாதிரியே இருக்கே!" என்று அவர் மெச்சிக்கொண்டு போனார். லிஃப்ட்காரர் அன்று முழுவதும் பனியனோடு கிடந்தார்.

கட்டிடத்துக்கு இந்தக் கதையெல்லாம் தெரியாது. தெரிந்துகொள்ள ஆசையும் இல்லை. பட்டு தெரிந்தது, உதவித்தொகை தெரிந்தது, இரண்டையும் கூட்டினால் மோசடி என்று விடை வந்தது.

கூட்டியவர்களில் முதல் ஆள் நாலாம் மாடி சோபா அம்மா. அவர்கள் குடிவந்த நாளில் ஒரு பெரிய சோபா படிக்கட்டில் மேலே போனது. ஒவ்வொரு திருப்பத்திலும் அது மாட்டிக்கொண்டு, சுவர்ச் சுண்ணாம்பைப் பெயர்த்துக்கொண்டு, ஒரு முழுநாள் போனது. அன்றிலிருந்து அந்த அம்மாளுக்கு வேறு பெயர் தேவைப்படவில்லை. கணவர் வீட்டுமனைத் தரகர், காலையில் டை கட்டிக்கொண்டு கிளம்பிவிடுவார். ஒரே பெண், அக்காவின் பெரியவளுக்கு வகுப்புத் தோழி. நாலாம் மாடிக் கதவு எப்போதும் அரைவாசி திறந்திருக்கும். பிளாஸ்டிக் உறை பிரிக்காத சோபா உள்ளே பளபளக்கும். அதற்குப் பின்னால் ஒரு திரை.

"நான் யார் கையையும் எதிர்பாக்கறவ இல்லைங்க," என்பது சோபா அம்மா பேச்சை ஆரம்பிக்கும் விதம். "எம் பொண்ணுக்கு டப்பாவுல நானே கட்டித் தர்றேன். அந்த இலவச வரிசையில தட்டைத் தூக்கிட்டு நிக்கறதுக்கு வீட்லயே பட்டினி கிடக்கலாம்."

அக்காவின் பெரியவளும் வந்து சொல்வாள்: "மேல்வீட்டுப் பொண்ணு ஜன்னல் பக்கம் தனியா உக்காந்து சாப்பிடுவாம்மா. மூடியை நிமித்தி வச்சுக்குவா. என்ன கொண்டுவந்திருக்கான்னு யாருக்கும் காட்டமாட்டா. ஒரே கர்வம்."

விவகாரம் வெடித்தது ஒரு வெல்வெட் கோட்டால். திராட்சை நிறம், கழுத்தில் கறுப்பு நாடா. கம்பியில் வருஷத்துக்கு மேல் தொங்கியது. அக்கா அதைக் குறுக்கிப் பெரியவளுக்குப் போட்டு, ஒரு குளிர்காலக் காலையில் பள்ளிக்கூடம் அனுப்பினாள். படிக்கட்டில் எதிரே வந்த சோபா அம்மா அப்படியே நின்றுவிட்டாள். கையால் சுவரைப் பிடித்துக்கொண்டாள். பிள்ளையின் முகத்தைக்கூடப் பார்க்கவில்லை, கோட்டை மட்டுமே பார்த்தாள். அக்காவுக்கு உள்ளுக்குள் குளுகுளு என்று இருந்தது. பொறாமைப்படட்டும், நமக்கென்று பொறாமைப்படக்கூட ஆள் இல்லாமல் எத்தனை நாளாயிற்று என்று நினைத்தாள். அக்கா நல்லவள்தான், ஆனால் அந்த அளவுக்கு நல்லவள் இல்லை.

அடுத்த வாரமே ஒரு மனு கதவு கதவாக ஏறி இறங்கியது. வெல்வெட் அணிகிறவர்களுக்கு ஏன் இலவசச் சாப்பாடு என்று நலத்துறை அலுவலகத்தைக் கேட்கும் மனு. முதல் கையெழுத்து சோபா அம்மாளுடையது. அடுத்து எல்லோரும் போட்டார்கள். தரைத்தளத்தில் இருந்த தபால்காரரும் போட்டார். தான் கையெழுத்துப் போட்ட மனுவுக்கு வந்த பதிலைத் தானே மூன்று மாடி ஏறிக் கொண்டுவந்தும் கொடுத்தார்.

"தப்பா நினைச்சுக்காதீங்கக்கா. கையெழுத்து கேட்டாங்க, போட்டேன். கேட்டா இல்லேன்னு சொல்ற சுபாவம் எனக்கு இல்ல."

லிஃப்ட்காரர் பட்டு அங்கியில் சாய்ந்தபடி கடிதத்தைப் படித்தார். நாளைக் காலை விசாரணை அதிகாரி நேரில் வருவார். குடும்பத்தினர் எல்லோரும் இருக்க வேண்டும். மறைத்த வருமானம் இருப்பதாகத் தெரிந்தால் உதவித்தொகையும் பள்ளி உணவும் நிறுத்தப்படும்.

"அப்ப நாளைக்கு ஸ்கூல் இல்லையா?" என்றான் சின்னவன். "சாப்பாடு?"

"நாளைக்கு ஒருநாள்தாண்டா."

"நாளைக்கு பயறு போடற நாளும்மா!" என்று அவன் அழ ஆரம்பித்தான். ஒருநாள் சாப்பாட்டுக்கே இப்படி. எல்லா நாளும் நின்றுபோனால் என்று நினைத்தபோது அக்காவுக்குக் கை கால் ஓடவில்லை. சத்தியமாகப் பயந்துபோனாள். வாதாடிப் பார்க்கலாம் என்றால், முதலாளி பழைய துணியைக் கொடுத்ததற்கு எழுத்தில் ஒன்றும் இல்லை. உடனே ஓடிப்போய்க் கேட்டாள். "என்னை இழுத்து விடாதே தாயே, கம்பியில துணியே இல்லைன்னு சொல்லிடுவேன்," என்று அவர் கைகூப்பிவிட்டார்.

அலமாரியைத் திறந்து பார்த்தாள். உள்ளே இருந்த எதுவும் ஏழ்மைக்கு ஒத்துவரவில்லை. சின்னவனின் பள்ளிச் சட்டைகூட ஒரு காலத்தில் யாரோ ஒரு நீதிபதியின் சட்டை.

"ஏங்க, கிழிஞ்சது ஒண்ணுகூடவா இல்ல நம்ம வீட்ல?"

"நீ விட்டாத்தானே இருக்கும்? ஓட்டை விழறதுக்கு முன்னாடியே தைச்சிடறே. வேணும்னா ஒண்ணைக் கிழி."

அக்கா கத்தரிக்கோலை எடுத்தாள். பட்டு அங்கியின் ஓரத்தைப் பிடித்தாள். முடியவில்லை. அடுத்தவர் துணியைக் குறுக்கலாம், கிழிக்கலாமா? எண் துண்டு கழுத்தில் இருக்கிறது. கத்தரிக்கோலை வைத்துவிட்டு இரவல் வாங்கக் கீழே இறங்கினாள்.

ஏழ்மையை இரவல் கேட்கப் போனவளைக் கட்டிடம் அன்போடு வரவேற்றது. மனுவில் கையெழுத்துப் போட்ட கைகளே அள்ளி அள்ளிக் கொடுத்தன. தபால்காரர் வார் அறுந்த ஒரு ஜோடி செருப்பைக் கொடுத்து, "பத்திரமா வச்சிருங்க, பழகின செருப்பு" என்றார். முதல் மாடி கணக்கு டீச்சர் விளிம்பு உடைந்த கோப்பைகளையும் ஒழுகும் பாத்திரத்தையும் கொடுத்து, "முகத்தைக் கொஞ்சம் வாட்டமா வச்சுக்குங்க, நீங்க ரொம்பத் தெளிவா இருக்கீங்க" என்று யோசனையும் கொடுத்தார். ஆனால் கிழிந்த துணி மட்டும் யாரிடமும் இல்லை. எல்லாம் தரை துடைக்கப் போய்விட்டிருந்தது.

மிச்சம் இருந்தது ஒரே கதவு. அக்காவுக்குக் கோபம் தலைக்கேறியது. எப்படி இருந்தால் ஏழை என்று ஒப்புக்கொள்வாய், நீயே சொல், நீயே எடுத்துக் கொடு என்று முகத்துக்கு நேராகக் கேட்டுவிடுவது என்று நாலாம் மாடிக்கு ஏறினாள்.

சோபா அம்மா வீட்டில் இல்லை. சோபாவுக்கு ஓரமாகத் தரையில் உட்கார்ந்து அந்தப் பெண் பாடம் எழுதிக்கொண்டிருந்தாள்.

"அம்மா கடைக்குப் போயிருக்காங்க ஆன்ட்டி. என்ன வேணும்?"

"கிழிஞ்ச துணி ஏதாவது இருக்காம்மா?" என்று கேட்டுவிட்டாள் அக்கா. குழந்தையிடம் போய்க் கோபத்தைக் காட்ட முடியுமா?

குழந்தையின் முகம் மலர்ந்தது. கேட்டதைக் கொடுக்க முடிகிற சந்தோஷம். "ஓ, நிறைய இருக்கே! வாங்க." என்று கையைப் பிடித்துத் திரைக்குப் பின்னால் இழுத்துக்கொண்டு போய்விட்டாள்.

திரைக்குப் பின்னால் ஒன்றும் இல்லை. ஒன்றுமில்லை என்றால் நிஜமாகவே ஒன்றுமில்லை. அலமாரி இருந்த இடத்தில் சுவர் வெளுத்து ஒரு நீள்சதுரம். கட்டில் இருந்த இடத்தில் நாலு கால்தடம். ஒரு மெத்தை தரையில். ஆணியில் ஒரு டை. அக்கா தன் வீட்டு மேஜையை, நாற்காலியை, கட்டிலை எல்லாம் மனசுக்குள் நினைத்துப் பார்த்தாள். திடீரென்று தான் பணக்காரி என்று தோன்றியது.

"மத்த சாமானெல்லாம் வேற வீட்டுக்கு முன்னாடியே போயிடுச்சு," என்றாள் குழந்தை. சொல்லிக் கொடுத்ததைச் சொல்கிற குரல். மூலையிலிருந்து துணி மூட்டையை இழுத்துக்கொண்டே, "அப்பா பார்க்ல இருக்காரு. வீட்ல இருந்தா ஏன் வேலைக்குப் போகலைன்னு எல்லாரும் கேப்பாங்கல்ல?" என்றாள்.

மூட்டை மேல் சாப்பாட்டு டப்பா இருந்தது. நகர்த்தியபோது உள்ளே கரண்டி மட்டும் உருண்டது.

"இன்னிக்கு என்னம்மா சாப்பிட்டே?"

குழந்தை அவளை ஏறிட்டுப் பார்த்தாள். சொல்லலாமா என்று யோசித்தாள். ஒரு வித்தை தெரிந்தவர்களுக்கு அதைக் காட்டாமல் இருக்க முடியாது. டப்பாவைத் திறந்து, மூடியைத் தன் பக்கம் மறைவாக நிமிர்த்தினாள். "இப்படி வச்சுக்கணும் ஆன்ட்டி. அப்புறம் கரண்டியால எடுத்து மெல்லணும். மெதுவா மெல்லணும். வேகமா மென்னா மத்தவங்களுக்கு முன்னாடி முடிஞ்சு போயிடும், அப்புறம் சும்மா உக்காந்திருக்கணும்." மென்று காட்டினாள்.

அக்காவுக்கு ஏறி வந்த கோபத்தை எங்கே வைப்பது என்று தெரியவில்லை. குழந்தையின் தலையைத் தடவிக்கொண்டு நின்றாள். அப்போது பின்னால் திரை விலகியது.

சோபா அம்மா கையில் பாதி ரொட்டி இருந்தது. அக்காவைப் பார்த்ததும் அதைத்தான் முதலில் முதுகுக்குப் பின்னால் மறைத்தாள்.

"யாரைக் கேட்டு உள்ள வந்தீங்க?"

"குழந்தை கூப்பிட்டுச்சு."

"பாத்துட்டீங்கல்ல. திருப்திதானே?" ரொட்டி இருந்த கை முன்னால் வந்தது. "யார்கிட்டயும் சொல்லிடாதீங்க. கால்ல வேணும்னாலும் விழறேன்."

"கால்ல எதுக்கு விழணும்? ஒரு மனு எழுதிப் போட்டா உங்களுக்கும் குடுப்பாங்களே. குழந்தைக்கு நாளைக்கே சாப்பாடு."

"நானா? அந்த வரிசையிலயா? நாலு பேர் என்ன பேசுவாங்க?"

"அந்த நாலு பேர்ல மூணு பேர் நீங்க சொல்லிக் குடுத்ததைத்தான் பேசறாங்க. வாயை நீங்க மூடினா ஒருத்தர்தான் மிச்சம்," என்றாள் அக்கா.

சோபா அம்மா மூட்டையைத் தூக்கி அக்காவின் கையில் திணித்து, போங்கள் என்பதுபோல் திரையைத் தூக்கிப் பிடித்தாள்.

லிஃப்ட்காரர் எல்லாவற்றையும் கேட்டுவிட்டுக் கொதித்துப்போனார். "நாளைக்கு அந்த ஆபீசர்கிட்ட இதைச் சொல்றே. மனு குடுத்தவளோட யோக்கியதை என்னன்னு தெரியட்டும்."

"சொன்னா?"

"சொன்னா என்ன? நம்ம பிள்ளைங்க சாப்பாடு நிக்காது."

"அந்தக் குழந்தை மெல்லறதை நீங்க பாக்கலைங்க," என்றாள் அக்கா. ஆனால் சொல்லாமல் விட்டுத் தன் பிள்ளைகள் தட்டு காலியாகிவிட்டால்?

கவலை வந்தால் அவள் கைகள் சும்மா இருக்காது. மூட்டையைப் பிரித்தாள். வியர்வை வாடை அடித்தது, அலசிப் போட்டாள். கிழிந்திருந்தாலும் சுத்தமாக இருக்கலாமே? காய்ந்ததும் சுருக்கமாக இருந்தது, லேசாக ஒரு இழுப்பு இழுத்தாள். இஸ்திரி முனை ஒரு கிழிசலில் மாட்டி அது இன்னும் கொஞ்சம் பெரிதாகப் பார்த்தது. மேலே போகாமல் இருக்க ஒரே ஒரு தையல் போட்டாள். ராத்திரி படுக்கப்போகும் நேரத்துக்குள் மூட்டையில் கிழிசலே இல்லை. மேல்வீட்டுத் தரகரின் சட்டையில் இழையோடு இழை சேர்த்து அவள் பின்னியிருந்த இடத்தை விரலால்தான் கண்டுபிடிக்க முடியும். லிஃப்ட்காரர் அதைக் கையில் வாங்கிப் பார்த்துவிட்டு முதுகு வலிக்க வலிக்கச் சிரித்தார்.

"ஏழையா நடிக்கக்கூட நமக்கு வக்கில்லைடி!"

மறுநாள் அதிகாரி வந்தார். ஒல்லி மனிதர். மூன்று மாடி ஏறியதில் பேச்சே வரவில்லை. மூச்சு வாங்கியபடி வீட்டைச் சுற்றிப் பார்த்தார். கணக்கு டீச்சரின் உடைந்த கோப்பைகள் தேய்த்துக் கழுவி வரிசையாக மின்னின. அறுந்த செருப்புக்கு வார் வந்திருந்தது. படுக்கையில் லிஃப்ட்காரர் மடிப்புக் கலையாத சட்டையில், டீச்சர் சொன்ன வாட்டமான முகத்தோடு இருந்தார். அந்த முகம் அவருக்குப் பல்வலி வந்ததுபோல் இருந்தது.

"இதுதான் நீங்க கஷ்டப்படறதா?" என்றார் அதிகாரி.

அவருடைய கோட்டுப் பொத்தான் ஒன்று ஒற்றை நூலில் தொங்கிக்கொண்டிருந்தது. அக்காவின் கண் அதைவிட்டு அகலவே இல்லை. "சார், அசையாம நில்லுங்க" என்று ஊசியோடு கிட்டே போய்விட்டாள்.

"அம்மா! நான் விசாரணைக்கு வந்திருக்கேன்!"

"விசாரிங்க சார். நான் பாட்டுக்குத் தைக்கிறேன்."

"இது லஞ்சத்துல சேருமா சேராதான்னு எனக்கே தெரியலையே," என்று அவர் அசையாமல் நின்றபடியே கேள்வி கேட்டார். பொத்தான் முடிந்ததும் வெல்வெட்டுக்கு வந்தார். பெரியவள் கோட்டோடு வந்து நின்றாள்.

"கடையில யாரும் வாங்க வராத கோட்டு சார் இது. கழுத்துல நம்பர் இருக்கு பாருங்க."

"நம்பர் யார் வேணும்னாலும் தைக்கலாம். உங்க முதலாளி அப்படி எதுவும் தரலைன்னு சொல்றாரு. நீங்களே யோசிச்சுப் பாருங்கம்மா. இந்த மாதிரி கோட்டு வாங்கற வசதி உள்ளவங்க இதைக் கடையில விட்டுட்டுப் போவாங்களா? யாராவது நம்புவாங்களா?"

மனுவில் முதல் கையெழுத்துப் போட்டவரை அழைத்துவரும்படி அதிகாரி சொன்னார். சின்னவன் ஓடிப்போய் சோபா அம்மாவைக் கூட்டிக்கொண்டு வந்தான். நல்ல உடையில் வந்தாள். முகம் மட்டும் ரத்தம் வற்றி இருந்தது. உள்ளே நுழைந்ததும் லிஃப்ட்காரரின் உடம்பில் தன் கணவர் சட்டையைப் பார்த்தாள். நாற்காலி முதுகில் தன் பெண்ணின் கவுன், தைத்து, இஸ்திரி போட்டு, திருப்பிக் கொடுக்கத் தயாராகத் தொங்கியதையும் பார்த்தாள்.

"இவங்க வருமானத்தை மறைக்கறதா எழுதியிருக்கீங்க. உறுதியாச் சொல்றீங்களா?"

லிஃப்ட்காரர் வாயைத் திறந்தார். "சார், இவங்க வீட்டுல..."

"நீங்க சும்மா இருங்க!" என்று அக்கா போட்ட அதட்டலில் அதிகாரியே ஒரு அடி பின்வாங்கினார்.

சோபா அம்மா அக்காவைப் பார்த்தாள். அதிகாரி பேனாவைத் திறந்தார். "சரி, யாராலயும் விளக்கம் சொல்ல முடியல. அப்ப நான் எழுதிக்கறேன்."

"நான்தான் சார்," என்றாள் சோபா அம்மா.

"என்ன நீங்க?"

"கடையில விட்டுட்டுப் போனது நான்தான். அது என் கோட்டு." நாக்கு ஒட்டிக்கொண்டதுபோல் நிறுத்தி நிறுத்திப் பேசினாள். "நல்லா இருந்த காலத்துல வெளுக்கப் போட்டேன். அப்புறம் கூலி குடுத்து வாங்க முடியல. நாளைக்கு, நாளைக்குன்னு போயிடுச்சு. இந்தப் பிள்ளை போட்டுக்கிட்டு படியில எதிர்ல வந்தா... என்னால தாங்க முடியல சார். அதான் எழுதினேன். இடது பையோட உள்துணி பச்சையா இருக்கும். அப்பவே கிழிஞ்சு, பச்சைத் துணி வச்சுத் தைச்சேன். கோணலா இருக்கும்."

அதிகாரி பெரியவளின் இடது பையைத் திருப்பினார். பச்சை. கோணல். கோட்டைக் குறுக்கியபோது அதைப் பிரித்துத் திருத்த வேண்டும் என்று அக்காவுக்குக் கை ஊறியதும், அடுத்தவர் தையல் என்று விட்டுவைத்ததும் அவளுக்கு ஞாபகம் வந்தது. உடனே அவள் செய்த காரியம் அங்கே யாருக்கும் புரியவில்லை.

"கழட்டுடி," என்றாள் மகளிடம்.

"அம்மா!"

"துணிக்காரங்க வந்துட்டாங்க. கழட்டு."

பெரியவள் உதட்டைப் பிதுக்கிக்கொண்டு கழற்றினாள். அக்கா அதை உதறி, மடித்து, இரண்டு கையாலும் நீட்டினாள். "குறுக்கிட்டேன், மன்னிச்சுக்குங்க. உங்களுக்குப் போடாது. உங்க பொண்ணுக்குச் சரியா இருக்கும்."

சோபா அம்மா கோட்டை மார்போடு அணைத்துக்கொண்டு அழுதாள். நன்றாகச் சத்தம் போட்டு அழுதாள். அழுது முடித்துக் கண்ணைத் துடைத்துக்கொண்டு, அதிகாரியிடம் கேட்டாள்.

"இவங்களுக்குக் குடுத்த உதவித்தொகை ஃபாரம் இன்னொண்ணு இருக்கா சார்?"

"யாருக்கு?"

"எங்க வீட்டுக்குத்தான்."

அதிகாரி பையைத் துழாவினார். "நேர்ல பாத்துத்தான் எழுதணும். உங்க வீடு எந்த மாடி?"

"நாலாவது."

அவர் ஒரு பெருமூச்சு விட்டுவிட்டுப் படியேறினார். கதவருகே போனவர் உள்ளே பார்த்ததும் நின்றுவிட்டார். "என்னம்மா இது, சோபாவெல்லாம் வச்சிருக்கீங்க?"

"உக்காராதீங்க சார்!" என்று கீழே இருந்து அக்கா கத்தினாள். "அந்தத் திரையைத் தூக்கிப் பாருங்க முதல்ல!"

அக்கா வீட்டுக்கு உதவித்தொகை நிற்கவில்லை, சாப்பாடும் நிற்கவில்லை. மேல்வீட்டுக்கு வர ஒரு மாதம் பிடித்தது. அதுவரைக்கும் பெரியவள் தன் தட்டோடு ஜன்னல் பக்கம் போய் அந்தக் குழந்தையோடு உட்கார்ந்துகொண்டாள். போகும்போது கொஞ்சம் கூடவே போடும்படி பரிமாறுகிற அம்மாளிடம் கேட்டுக்கொள்வாள். அந்த அம்மாளும் எதுவும் விசாரிக்காமல் போட்டுவிடுவார்.

உத்தரவு வந்து, அந்தக் குழந்தை முதல் முதலாக வரிசையில் நின்ற அன்று சாயங்காலம், படிக்கட்டில் தடதடவென்று ஆள் இறங்குகிற சத்தம் கேட்டது. அக்கா இஸ்திரியை நிறுத்திவிட்டு வாசலுக்கு வந்தாள். சோபா அம்மா இடுப்பில் கை வைத்து நின்றாள்.

"ஏங்க, இத்தனை நாளா நீங்க ஒரு வார்த்தை கேட்டிருக்க வேணாமா? பள்ளிக்கூடத்துச் சாப்பாட்டுல உப்பே இல்லையாம்! பயறு வேகவே இல்லையாம்! ரெண்டாவது தடவை வாங்கினதுலயும் அப்படித்தானாம், மூணாவது தடவையிலயும் அப்படித்தானாம்! நான் சும்மா விடப்போறதில்ல. மனு எழுதறேன், கையெழுத்துப் போடுங்க."

இஸ்திரி அக்கா மனுவை வாங்கினாள். மூணாவது தடவை என்ற இடத்திலேயே அவள் மனசு நின்றுவிட்டது. அதற்குமேல் அந்த அம்மாள் சொன்ன எதுவும் காதில் விழவில்லை. கண்ணைத் துடைத்துக்கொண்டு, எங்கே போட வேண்டும் என்று கேட்டுக் கையெழுத்துப் போட்டாள்.